பேர்ணில் காலை, இனேயில் மாலை

சோபாவில் விரிக்கிற பூப்போட்ட துணியை யாராவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்களா? சிவமலர் கொண்டுபோனாள். அதை நாலாய் மடித்தாள். கைப்பைக்குள் அடங்கவில்லை. கடைப் பையொன்றுக்குள் திணித்து, பீல் ஸ்டேசனில் விடியக் காலமை முதல் ரயில்களில் ஒன்றைப் பிடித்து, பேர்ண் வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டே போனாள். முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் வேலைக்குப் போகிற ஆட்கள். ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவளுக்குக் கவலை இல்லை. மூன்று கிழமையாய் ஒழுங்கான நித்திரை இல்லாத மனிசிக்கு வெட்கப்படுவதற்கெல்லாம் ஏது தெம்பு?

அன்றைக்கு அவளுடைய கணவன் மகேந்திரனுக்கு நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை. இருதயத்துக்குப் போகிற குழாய்களில் மூன்று அடைத்துக் கிடக்கிறதாம். சுவிஸ் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் பத்தொன்பது வருசம் நின்ற மனிசன், ஒருநாள் உருளைக்கிழங்குச் சட்டியைத் தூக்கப் போய், தூக்க முடியாமல் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். அதற்குப் பிறகு டொக்டர், ஸ்கான், கடிதம், மறுபடி டொக்டர். கடைசியில் ஒரு வியாழக்கிழமைக்குத் திகதி குறித்து, முதல்நாளே வந்து படுக்கச் சொன்னார்கள்.

திகதி வந்த அன்றே மகேந்திரன் சொல்லிவிட்டார், "பிள்ளைக்குச் சொல்லாதையும். அவள் அங்கை தனிய. ஒண்டும் செய்யேலாது, சும்மா கிடந்து யோசிப்பாள்."

பிள்ளை என்றால் கிருசிகா, ஒரே மகள். இருபத்து நாலு வயது. சூரிச்சில் படித்து முடித்து, இப்போது ஆறு மாதப் பயிற்சிக்காக யப்பானில், கியோத்தோவில், அளவுக் கருவிகள் செய்கிற ஒரு கம்பனியில் இருக்கிறாள். சிவமலர் மனிசன் சொன்னதற்குத் தலையாட்டினாள். ஆனால் மனம் ஒப்பவில்லை. ஏனென்றால் இந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு தரம் மறைத்தவர்கள் இவர்கள். அந்தக் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

நாலு வருசத்துக்கு முன்னர், ஓகஸ்ட் மாதம். கிருசிகாவுக்கு முதலாம் வருசப் பெரிய சோதினை. இரண்டு தரம் கோட்டை விட்டால் படிப்பே முடிந்துபோகும் என்கிற மாதிரிச் சோதினை. சூரிச்சில் அறை எடுத்து, வீட்டுப் பக்கம் வராமல் படித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து ரெனான் ஊரில் இருந்த ராசா செத்துப்போனான். ராசா சிவமலரின் தம்பி. நாற்பத்தொன்பது வயது, பேக்கரிப் பாணை லொறியில் ஏற்றி இறக்குகிற வேலை. ஒரு நோய் நொடி கிடையாது. குளிக்கப் போனவன் குளியலறையிலேயே விழுந்தான். கிருசிகாவுக்கு அவன் மாமா மட்டும் இல்லை. சைக்கிள் பழக்கியவன் அவன். பனியில் சறுக்கக் கூட்டிப்போனவன் அவன். ஒவ்வொரு சோதினைக்கும் முதல்நாள் "நாளைக்குப் போய் வெளுத்து வாங்கு" என்று குரல் பதிந்து அனுப்புகிறவனும் அவன்தான்.

எங்கள் சனத்துக்கு இது கைவந்த வேலை. சோதினை எழுதுகிற பிள்ளைக்குச் செத்தவீடு சொல்லக்கூடாது. தூரதேசத்தில் இருக்கிறவனுக்கு நோய் வருத்தம் சொல்லக்கூடாது. பிள்ளைத்தாச்சிக்கு ஒன்றுமே சொல்லக்கூடாது. ஒருவர் தீர்மானித்தால் போதும், ஒட்டுமொத்த உறவும் வாய்க்குப் பூட்டுப் போட்டுவிடும். கண்ணீர் அஞ்சலி இணையத்தில் போகவில்லை. முகநூலில் ஒருவரும் படம் போடவில்லை. லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்தவர்கள்கூடப் பிள்ளையின் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டார்கள். தகனம் முடிந்தது. எட்டாம் நாள் எட்டுச் செலவும் முடிந்தது. ரயிலில் இரண்டு மணித்தியாலத் தூரத்தில் இருந்த பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது.

ஒன்பதாம் நாள் பின்னேரம் ராசாவின் வீட்டுக் குசினி மேசையில் கிடந்த அவனுடைய போன் வெளிச்சம் போட்டது. எல்லோரும் பார்த்தார்கள்.

"மாமா, ஏன் பதில் இல்லை? நாளையிண்டைக்குக் கடைசிச் சோதினை. ஏதாவது சொல்லுங்கோ."

ராசாவின் மனைவி திரேசா முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். பதில் போகாவிட்டால் பிள்ளை போன் எடுப்பாள். எடுத்தால் எல்லாம் குட்டிச்சுவர். சிவமலர்தான் போனைக் கையில் எடுத்தாள். எழுத்தில் ஒன்றும் எழுத அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு பெருவிரல் படத்தை அழுத்தி அனுப்பினாள். ஒரேயொரு பெருவிரல், மேலே தூக்கியபடி. பதிலுக்குக் கிருசிகாவிடமிருந்து ஒரு சிவப்பு இதயம் வந்தது.

சோதினை முடிந்த அன்று பின்னேரம் தாயும் தகப்பனும் சூரிச்சுக்குப் போய் அறையில் இருத்தி உண்மையைச் சொன்னார்கள். கத்துவாள், அடிப்பாள், விழுந்து புரளுவாள் என்று நினைத்துப் போனவர்கள். அவள் ஒன்றும் செய்யவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தப் பெருவிரல் ஆர் போட்டது?"

சிவமலர் சொன்னாள். அவ்வளவுதான். பிள்ளை எழும்பிப் போய் யன்னலைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றாள்.

அதற்குப் பிறகு அவள் கதைக்காமல் விட்டவள் இல்லை. ஒழுங்காய் போன் எடுப்பாள், வீட்டுக்கு வருவாள், சோறு கறி கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள். ஆனால் தாய் எதைச் சொன்னாலும் பின்னால் ஒரு சொல் வரும். அப்பா சுகமாய் இருக்கிறார் என்றால், "உண்மையாவோ?" எனக்கு ஒன்றும் இல்லை, சும்மா இருமல்தான் என்றால், "உண்மையாவோ?" சாப்பிட்டேன் என்றால்கூட அதுதான். கோபமாய் அல்ல, சாதாரணமாய்த்தான் கேட்பாள். அந்தச் சாதாரணம்தான் சிவமலரை அரித்தது. மற்றது, அந்த வீட்டில் அதற்குப் பிறகு ஒருவரும் பிள்ளைக்குப் பெருவிரல் படம் அனுப்புவதில்லை. ஒருமுறை மகேந்திரன் மறதியில் அனுப்பிவிட்டு, இரண்டு கிழமை பேச்சில்லாமல் கிடந்து அனுபவித்தார். பிள்ளையும் ஒருவருக்கும் அனுப்பியதில்லை.

இப்போது மறுபடி அதே வேலை. அதற்குத்தான் அந்தச் சோபாத் துணி.

முதல்நாள் இரவே கிருசிகாவிடமிருந்து செய்தி வந்திருந்தது. நாளைக்கு லீவு போட்டுவிட்டு இனே என்று ஒரு கடற்கரை ஊருக்குப் போகிறாளாம். ரயிலும் பஸ்ஸுமாய் மூன்று மணித்தியாலத்துக்கு மேலே. அங்கே போய் வீடியோவில் போன் எடுப்பாளாம், அம்மாவுக்கும் காட்டுவாளாம். சிவமலருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று வரும். ஓம் என்றால் ஆஸ்பத்திரிச் சுவர் தெரியும். கடைசியில் ஓம் என்று எழுதிப்போட்டு, சோபாத் துணியை மடித்து வைத்தாள். கதிரைக்குப் பின்னால் தொங்கவிட்டால் வீடு மாதிரித் தெரியும் என்பது அவளுடைய கணக்கு.

காலையில் மகேந்திரனோடு பத்து நிமிசம்தான் கிடைத்தது. பச்சைச் சட்டையும் தலையில் ஒரு கடதாசித் தொப்பியுமாய்க் கட்டிலில் கிடந்தார். ஆள் அரைவாசியாய்ப் போயிருந்தது. அவள் திருநீறு பூசினாள். தாதி பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரித் திரும்பிக்கொண்டாள். கட்டிலைத் தள்ளும்போது அவர் சொன்னது இவ்வளவுதான்: "பிள்ளை எடுத்தால் வடிவாக் கதையும். அவசரப்பட்டு வைச்சிடாதையும்."

வீட்டுக்குப் போங்கள், முடிந்ததும் டொக்டர் போன் எடுப்பார், மத்தியானம் ஆகும் என்று தாதி சொன்னாள். சிவமலர் தலையாட்டிவிட்டுக் கீழ்த்தளத்துக் கோப்பிக் கடைக்குப் போனாள். அந்த வெறும் வீட்டில் போய் எந்தச் சுவரைப் பார்ப்பது? மூலையில் ஒரு மேசை கிடந்தது. கதிரையைச் சுவரோடு இழுத்துப் போட்டு, அதன் முதுகில் சோபாத் துணியை விரித்து, நுனிகளை இழுத்துச் சரிசெய்து, அதற்கு முன்னால் உட்கார்ந்தாள். பக்கத்து மேசையில் கையில் கட்டுப்போட்ட ஒரு சுவிஸ் கிழவி பாணைப் பிய்த்தபடி இதையெல்லாம் கவனமாய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவமலர் அவளுக்கு ஒரு வணக்கம் சொன்னாள். வேறென்ன சொல்வது?

எட்டு நாற்பதுக்குப் போன் அடித்தது. யப்பானில் பின்னேரம் மூன்று நாற்பது.

"அம்மா, தெரியுதோ?"

முதலில் கிருசிகாவின் தாடை தெரிந்தது, பிறகு வானம், பிறகு படம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. நின்ற இடத்தில் கடல். கடல் என்று பெயர்தான், ஒரு அலை இல்லை. பச்சை மலைகள் மூன்று பக்கமும் வளைத்து நிற்க, நடுவில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. கரை ஓரம் முழுக்க மரவீடுகள், ஒன்றோடொன்று தோள் ஒட்டிக்கொண்டு, தண்ணீருக்குள் கால் வைத்தபடி. ஒவ்வொரு வீட்டுக்கும் கீழ்த்தளத்தில் கதவே இல்லை. தண்ணீர் நேரே உள்ளே போகிறது. உள்ளே வள்ளம் நிற்கிறது. மேல்மாடியில் யன்னலும், காயப்போட்ட உடுப்பும்.

"கீழை வள்ளம், மேலை ஆக்கள்," என்றாள் கிருசிகா. "வேலை முடிஞ்சால் வள்ளமும் வீட்டுக்குள்ளை வந்திடும்."

சிவமலருக்கு அந்த வள்ளங்களைப் பார்க்கப் பொறாமையாய் இருந்தது. அவள் இருபத்தொரு வருசமாய்ப் பீலில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில், கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, மணிக்கூட்டு முகங்களில் முள் பூட்டுகிறாள். பின்னேரம் அதை முடித்துவிட்டு ஒரு காப்புறுதிக் கம்பனிக் கந்தோரில் மேசை துடைக்கப் போகிறாள். வீட்டுக்குள் வந்தாலும் வேலை கூடவே வந்துவிடும். அந்த வள்ளங்களுக்குக் கிடைத்திருக்கிற கொடுப்பினை தனக்கு இல்லையே என்று நினைத்தாள்.

கேள்விகளுக்கு அவள் ஆயத்தமாய் வந்திருந்தாள். ஏன் அம்மா இன்றைக்கு வேலைக்குப் போகவில்லை என்றால், மிச்ச லீவு நாள் இருந்தது, எடுக்கச் சொன்னார்கள். அப்பா எங்கே என்றால், காலை வேலை, நாலு மணிக்குத்தான் வருவார். ஏன் கண் வீங்கியிருக்கு என்றால், வசந்தகாலப் பூந்தூள், தும்மல். ரயிலில் வரும்போது ஒவ்வொன்றையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துத் திருத்தி வைத்திருந்தாள். ஆனால் பிள்ளை ஒன்றையும் கேட்கவில்லை. "அம்மா, நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம், சும்மா பாருங்கோ" என்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினாள்.

நல்லதாய்ப் போயிற்று என்று சிவமலர் நினைத்தாள். அந்த நேரம் அவளுக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

ஒடுங்கிய தெரு. ஒரு கார் போனால் ஆள் சுவரோடு ஒட்டவேண்டும். ஒரு வயசான மனிசி வாசலில் குந்தியிருந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். வயிறு பிளந்த மீன்களை ஒரு வலைக்கூட்டுக்குள் அடுக்கி வெயிலில் தொங்கவிட்டிருந்தாள். கிருசிகா குனிந்து ஏதோ சொல்ல, அவளும் குனிந்து ஏதோ சொன்னாள். பிறகு போனுக்குள் எட்டிப் பார்த்து, சிவமலருக்கும் தலை குனிந்தாள். சிவமலர் கதிரையில் இருந்தபடியே பதிலுக்குக் குனிந்தாள். துணி சரிந்தது. பிடித்து இழுத்துவிட்டாள். பக்கத்து மேசைக் கிழவி பாண் தின்பதை நிறுத்தியிருந்தாள்.

நேரம் ஊர்ந்தது. கிருசிகா ஒரு கல்லுப் படியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றித் தண்ணீருக்குள் கால் விட்டாள். போனைப் பக்கத்தில் சாத்தி வைத்தாள். தண்ணீரும் எதிர்க்கரை மலையும் மட்டும் தெரிந்தன. கடற்பறவைகள் இரண்டு ஒரு வள்ளத்தின் விளிம்பில் இருந்து சண்டை பிடித்தன. ஒலிபெருக்கியில் ஏதோ அறிவிப்பு வர, சிவமலர் போனின் வாயைப் பொத்தினாள். அது முடிந்ததும் கையை எடுத்தாள். பிள்ளை ஒன்றும் கேட்கவில்லை.

அவளுக்கு எரிச்சல் வந்தது. உள்ளதைச் சொன்னால், பிள்ளை மேலேயே வந்தது. தகப்பன் மேலே நெஞ்சு பிளந்து கிடக்கிறார், இவளுக்குக் காலை ஆட்டிக்கொண்டு கடல் பார்க்க வேண்டியிருக்கிறது. என்ன நிம்மதி, என்ன சொகுசு. இப்படி நினைத்த அடுத்த கணமே வெட்கமாய்ப் போயிற்று. அந்த நிம்மதியைப் பொய் சொல்லிக் கட்டிக் கொடுத்தவளே இவள்தானே. பிறகு யாரைக் கோபிப்பது? அவளுக்கு அழக்கூடத் தெம்பு இருக்கவில்லை. கண் தானாய்ச் செருகியது. தலை ஒருமுறை மேசையை நோக்கிச் சரிந்து, திடுக்கிட்டு நிமிர்ந்தது.

"நித்திரை வந்தால் கொள்ளுங்கோ. நான் வைக்கமாட்டன்," என்றாள் கிருசிகா, கடலைப் பார்த்தபடியே.

"எனக்கென்ன நித்திரை, காலமைதானே எழும்பினனான்," என்றாள் சிவமலர்.

"உண்மையாவோ" வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

பத்தரை ஆகிவிட்டது. இனேயில் வெயில் மஞ்சளாய்ச் சரிந்து, மரவீடுகளின் நிழல் தண்ணீரில் நீண்டது. சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஒரு பஸ் போனது. கிருசிகா எழும்பி, சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு கொஞ்சத் தூரம் நடந்து ஒரு வீட்டுக்கு முன்னால் நின்றாள். அதில் மேல்மாடி அறையை வாடகைக்கு விடுகிறார்களாம். யன்னலைத் திறந்தால் நேரே கீழே கடலாம். காலையில் படுக்கையில் கிடந்தபடியே வள்ளம் வெளிக்கிடுவதைப் பார்க்கலாமாம்.

"வாற வருசம் நீங்களும் அப்பாவும் வாங்கோ, அம்மா. ரெண்டு பேரும் இந்த அறையிலை ஒரு கிழமை படுத்துக் கிடவுங்கோ. சமைக்கவும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். என்ன, வருவியளோ?"

சின்னக் கேள்வி. ஓம் என்று சொன்னால் தீர்ந்தது. வாயைத் திறந்தாள். அந்த ஒரு சொல் வரவில்லை.

அவளுக்குத் திரேசாவின் குசினி மேசை ஞாபகம் வந்தது. அன்றைக்கும் சின்ன விசயம்தான், ஒரு பெருவிரல். இப்போது ஓம் என்கிறாள். ஒரு மணித்தியாலத்தில் டொக்டர் போன் எடுத்து, மன்னிக்கவேண்டும், எங்களால் முடிந்ததைச் செய்தோம் என்று சொன்னால்? பிள்ளை வாழ்நாள் முழுக்க நினைப்பாள். அப்பா செத்துக்கொண்டிருந்த நேரம் நான் தண்ணீரில் கால் விட்டுக்கொண்டிருந்தேன், அம்மா அதைப் பார்த்துக்கொண்டு வருவம் என்று சொன்னாள் என்று நினைப்பாள். இந்த இரண்டு மணித்தியாலமும் இரண்டாவது பெருவிரலாய்ப் போய்விடும். அதற்குப் பிறகு பிள்ளை "உண்மையாவோ" என்றுகூடக் கேட்கமாட்டாள். நம்பாத ஆளிடம் எதற்குக் கேள்வி?

மனிசனுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று சிவமலர் முடிவெடுத்தாள்.

"பிள்ளை, ஒரு இடத்திலை இரு. நான் ஒண்டு சொல்லவேணும்."

கிருசிகா அந்த வீட்டு வாசல்படியில் உட்கார்ந்தாள். படம் இன்னும் கடலைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

"நான் வீட்டிலை இல்லை. பேர்ணிலை ஆஸ்பத்திரியிலை இருக்கிறன். அப்பாவுக்கு இண்டைக்கு ஹார்ட் ஒப்பரேசன். ஏழரைக்கு உள்ளை கொண்டு போனவை. இன்னும் முடியேல்லை. எப்பிடி முடியும் எண்டு எனக்குத் தெரியாது. மூண்டு கிழமையா உனக்கு மறைச்சனாங்கள். இதுதான் உண்மை."

சொல்லி முடித்ததும் கதிரை முதுகிலிருந்த துணியை இழுத்து மடியில் போட்டாள். இனி அதற்கென்ன வேலை? பின்னால் வெள்ளைச் சுவர் தெரிந்தது, தெரியட்டும்.

பிறகு படம் திரும்பியது. இரண்டு மணித்தியாலத்தில் முதல் தரம் கிருசிகாவின் முகம் முழுசாய்த் தெரிந்தது. கண் இரண்டும் சிவந்து, இமை தடித்துக் கிடந்தது. இப்போது அழுத முகம் இல்லை அது. நேற்றிலிருந்து அழுத முகம்.

"தெரியும் அம்மா," என்றாள். "நேத்துப் பின்னேரம் அப்பா ஆஸ்பத்திரியிலை இருந்து போன் எடுத்தவர். எல்லாம் சொன்னவர்."

சிவமலருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை, பிள்ளை மிச்சத்தையும் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. சொல்லாதையும் சொல்லாதையும் என்று மூன்று கிழமையாய் அவளைக் கட்டிப்போட்ட மனிசன், கடைசியில் கட்டிலில் தனியக் கிடந்ததும் பயந்துபோய்ப் பிள்ளையின் குரலைக் கேட்கத் தானே போன் எடுத்திருக்கிறார். குரலைக் கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கொட்டியது மட்டுமா? உன்ரை கொம்மா நாளைக்குத் தனிய இருக்கப்போறா, நித்திரையும் இல்லை, எங்கேயாவது வடிவான இடத்துக்குப் போய் அவவுக்குக் காட்டு, நான் சொன்னதென்று சொல்லாதே என்று பிள்ளைக்கும் ஒரு பூட்டைப் போட்டிருக்கிறார். அதற்காகத்தான் அவள் இரவோடு இரவாய் லீவு கேட்டு, மூன்று மணித்தியாலத்துக்கு மேலே பயணம் செய்து, ஒரு அலையில்லாத கடலைத் தேடிப் போய் நின்றிருக்கிறாள். எழும்பி வரட்டும் அந்த மனிசன் என்று சிவமலர் பல்லைக் கடித்தாள். எழும்பி வரட்டும், இருக்கு அவருக்கு. பிறகு அந்த "எழும்பி வரட்டும்" என்ற சொல்லே வேண்டுதலாய் மாறியது.

"அப்ப ஏன் பிள்ளை நீ ஒண்டும் கேக்கேல்லை?" என்றாள். "அப்பா எங்கை எண்டுகூடக் கேக்கேல்லையே."

கிருசிகா உள்ளங்கையால் மூக்கைத் துடைத்தாள்.

"கேட்டால் நீங்கள் பொய் சொல்லவேண்டி வரும், அம்மா. அதுதான் கேக்கேல்லை."

சிவமலர் அழுதாள். ஆஸ்பத்திரிக் கோப்பிக் கடையின் நடுவில், சோபாத் துணியால் முகத்தைப் பொத்திக்கொண்டு, தம்பி செத்த அன்றைக்கும் அழாத மாதிரி அழுதாள். பக்கத்து மேசைக் கிழவி நல்ல கையால் தன் கடதாசித் துடைப்பான்களை ஒவ்வொன்றாய் எடுத்து இவள் மேசையில் வைத்தாள். கடலோரத்தில் கிருசிகாவும் அழுதாள். மீன் கழுவிய மனிசி தூரத்தில் எழும்பி நின்று பார்த்தாள்.

அழுது முடிய, அந்தத் துணியை வீட்டிலிருந்து காவிக்கொண்டு வந்தீர்களோ என்று கிருசிகா கேட்டாள். ஓம் என்றாள் சிவமலர். ஒரு ஓரத்தில் ஆஸ்பத்திரிப் பெயர்ப்பலகை பாதி தெரிந்துகொண்டே இருந்ததாம். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பென்று சொல்ல முடியாது, களைத்த ஆட்கள் மூக்கால் விடுகிற ஒரு காற்று. அதற்குப் பிறகு கிருசிகா போனை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். கடல் அரைவாசியும் அவள் முகம் அரைவாசியுமாய்த் தெரிந்தன. கடைசி பஸ் போய்விடப் போகிறதே என்று சிவமலர் பதறினாள். அந்த மேல்மாடி அறையை இன்றைக்குத் தனக்கே எடுத்தாயிற்று, நாளைக்குத்தான் போவேன் என்றாள் மகள். நீங்கள் தனியே இருக்கிற நேரம் நான் பஸ்ஸுக்குள் சிக்னல் இல்லாமல் இருக்க ஏலாது என்றாள்.

பதினொன்று ஐம்பதுக்கு, இனேயின் மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருக்க, சிவமலரின் போன் திரையில் ஆஸ்பத்திரி நம்பர் விழுந்தது. அதை எடுக்கவேண்டுமென்றால் கடல் தெரிகிற அழைப்பை நிறுத்தவேண்டும்.

"அம்மா, எடுங்கோ. நான் இஞ்சதான் இருக்கிறன்."

டொக்டர் ஐந்து நிமிசம் கதைத்தார். சிவமலர் துடைப்பான் கடதாசியின் மேல், தமிழும் டொச் பாசையும் கலந்து, கேட்டதையெல்லாம் எழுதிக்கொண்டாள். தாங்க்யூ என்றாள். போனை வைத்ததும் மச்சாளுக்கு எடுக்கவில்லை, அக்காவுக்கு எடுக்கவில்லை. நேரே மகளுக்கு எடுத்தாள். வழக்கமாய் என்றால் "எல்லாம் சுகம் பிள்ளை, நீ யோசியாதை" என்றுதான் வாயில் வரும். அது வாய்க்குள் வந்தும் விட்டது. விழுங்கினாள்.

"மூண்டு எண்டு சொன்னது நாலாம். நாலும் மாத்திப் போட்டினம். இருதயம் தானா அடிக்கத் தொடங்கிட்டுது. ஆனால் கொஞ்சம் ரத்தம் கசியுதாம், பாத்துக்கொண்டிருக்கினம். கூடினால் திரும்பத் திறக்க வேண்டி வரலாமாம். பின்னேரம் வரை நித்திரையிலை வைச்சிருப்பினம். நாளைக் காலமைக்குப் பிறகுதான் சுகம் எண்டு சொல்லலாமாம். நான் எழுதி வைச்சிருக்கிறது இவ்வளவுதான். வேறை ஒண்டும் ஒளிக்கேல்லை."

அந்தப் பக்கம் கிருசிகா மூச்சை இழுத்துவிட்டாள். சிவமலர் பழக்கதோசத்தில் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தாள்.

"சரி அம்மா," என்றாள் கிருசிகா. "இப்ப கொஞ்சம் கண்ணை மூடுங்கோ. போனை அப்பிடியே வையுங்கோ."

சிவமலர் சோபாத் துணியைத் தோளோடு போர்த்திக்கொண்டு சுவரில் தலையைச் சாய்த்தாள். மேசையில் சாத்திவைத்த போனில் கடல் கறுத்துக்கொண்டு வந்தது. மேல்மாடிகளில் ஒவ்வொன்றாய் விளக்கு எரிந்தது, தண்ணீருக்குள்ளும் எரிந்தது. மூன்றாவது விளக்குவரை எண்ணியது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. பிறகு இரண்டு மணித்தியாலம் அடித்துப்போட்ட மாதிரி நித்திரை கொண்டாள். ஒருவரும் அவளை எழுப்பவில்லை. கிழவி போகும்போது, இவள் கைப்பையைக் காலடியிலிருந்து எடுத்து மேசைக்கு உள்பக்கமாய் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

நாலரைக்கு அவளை உள்ளே விட்டார்கள். மகேந்திரனின் உடம்பு முழுக்கக் குழாய். அவள் கையைப் பிடித்தாள். கனநேரம் ஒன்றும் இல்லை. பிறகு இமை அசைந்து, கண் கொஞ்சம் திறந்து, அவளைத் தேடி, கண்டுபிடித்து, திரும்ப மூடியது. அவருடைய கைவிரல்கள் அவள் விரல்களை மெல்ல அழுத்தின. பேச்சு வாங்க வேண்டிய மனிசன், இன்றைக்குப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

வெளியே வந்து அறைகளுக்கு நடுவிலுள்ள ஓடையில் நின்றபடி மகளுக்கு எழுதினாள். இப்போது அங்கே சாமம் ஆகப்போகிறது, படுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டே எழுதினாள். "அப்பா கண் முழிச்சவர். என்னைத் தெரிஞ்சது. கதைக்கேல்லை, கையைப் பிடிச்சவர். ரத்தம் நிண்டிட்டுதாம். காய்ச்சல் கொஞ்சம் இருக்கு."

அனுப்பிவிட்டு, திரும்ப ஒருமுறை வாசித்துப் பார்த்தாள். கூட்டியும் இல்லை, குறைத்தும் இல்லை.

ஒரு நிமிசம்கூட ஆகவில்லை, போன் கையில் நடுங்கியது. பிள்ளை படுக்கவில்லை. பதிலில் எழுத்து ஒன்றும் இல்லை. ஒரேயொரு பெருவிரல், மேலே தூக்கியபடி.

சிவமலர் ஓடைச் சுவரில் சாய்ந்து நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரை அணைந்தது. அழுத்தித் திறந்து மறுபடி பார்த்தாள். பிறகு போனைப் பைக்குள் போட்டு, சோபாத் துணியை நாலாய் மடித்துக்கொண்டு, மனிசனிடம் திரும்பப் போனாள்.